சலமந்தரும் நமது பற்றைத் தவளையும்: மலைக்காடுகளில் உயிரினங்களைச் சேகரித்தல்

ஈரூடகவாழிகளுக்கு உதாரணம் தருக என்று வினாத்தாளில் கேட்டால், தவளை, தேரை, சலமந்தர், இக்தியோபிஸ் என்று நான்கு பெயர்களையும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறீர்கள். விடை சரிதான், புள்ளியும் கிடைக்கும். ஆனால் இந்த நான்கில் ஒன்றை உங்களில் எவரும் நமது நாட்டின் காட்டிலோ ஓடையிலோ கண்டிருக்க முடியாது. சலமந்தர் இலங்கையில் இல்லை. இருக்கிறது என்று வகுப்பில் யாராவது சொன்னால், அவர் பார்த்தது பெரும்பாலும் அரணையாகவே இருக்கும்.

இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். நீண்ட உடல், நான்கு குட்டைக் கால்கள், வால். வேறுபாடு தோலில் உள்ளது. அரணை நகருயிர் ஆகையால் அதன் தோலைச் செதில்கள் மூடியுள்ளன. வெயிலில் கல்லின் மேல் கிடந்தாலும் அது காய்ந்துபோகாது. சலமந்தரின் தோலில் செதில் இல்லை. அது எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். ஏனெனில் அத்தோலினூடாகவே அது ஒட்சிசனைப் பெறுகிறது. உலகிலுள்ள சலமந்தர் இனங்களில் அரைவாசிக்கு மேற்பட்டவை நுரையீரலே இல்லாத ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை அறிந்தால் வியப்படைவீர்கள். அவை தோலாலும் வாய்க்குழியின் மென்படையாலும் மாத்திரமே சுவாசிக்கின்றன. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும்.

இதனாலேயே அவற்றுட் பலவற்றின் இருப்பிடம் குளிர்ந்த, ஈரமான மலைக்காடாக இருக்கிறது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையோர மலைகளில் பைன், தேவதாரு போன்ற கூம்புளி மரங்கள் அடர்ந்த காடுகள் உள்ளன. அங்கே விழுந்து உக்கிய மரக்குற்றிகளின் அடியில் சலமந்தர்கள் ஒளிந்திருக்கும். ஆய்வாளர்கள் செய்வது மிக எளிமையான வேலை: குற்றியை மெதுவாகப் புரட்டுவார்கள், அடியில் இருப்பதைப் பார்ப்பார்கள், பின்னர் குற்றியை முன்பு இருந்தபடியே வைப்பார்கள். மூன்றாவது செயல் முதல் இரண்டைப் போலவே முக்கியமானது. புரட்டிய குற்றியை அப்படியே விட்டுவிட்டால் அதன் அடி ஒரே நாளில் காய்ந்து, பல ஆண்டுகளாக அங்கிருந்த ஈரம் போய்விடும். றொபர்ட் ஸ்டெபின்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர் கலிபோர்னியாவின் பல மலைத்தொடர்களிலிருந்தும் எடுக்கப்பட்ட என்சாட்டினா என்னும் சலமந்தர் மாதிரிகளை ஒப்பிட்டு, 1949இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மத்திய பள்ளத்தாக்கைச் சுற்றி ஒரு வளையம்போலப் பரவும்போது ஓர் இனம் சிறிது சிறிதாக எவ்வாறு மாறிச் செல்கிறது என்பதை அது காட்டியது. கூர்ப்பைப் பற்றிய பாடநூல்கள் இன்றும் அதனை எடுத்துக்காட்டுகின்றன. ஒவ்வொரு மலையிலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டிராவிட்டால் அந்த வளையம் எவர் கண்ணிலும் பட்டிராது.

நமக்கு மிக அருகில் சலமந்தர் வாழும் தேயிலை நாடு டார்ஜிலிங். அங்கே ஜோர்பொக்ரி என்ற சிறு குளத்தைச் சுற்றி ஜப்பானிலிருந்து கொண்டுவரப்பட்ட கூம்புளி மரங்கள் நிற்கின்றன. அக்குளம் சலமந்தருக்கான சரணாலயமாகப் பாதுகாக்கப்படுகிறது. நீண்ட காலம் இந்த விலங்கு, சீனாவின் யுன்னான் பகுதியில் வாழும் இனந்தான் என்று கருதப்பட்டது. நேபாளத்தின் இலாம் மாவட்டத்தில் எடுக்கப்பட்ட மாதிரிகளை அளந்து ஒப்பிட்ட பின்னர், 2015இல் இமயமலைக்குரிய தனி இனம் என்று பெயரிடப்பட்டது. இலாமும் தேயிலை விளையும் இடமே.

அப்படியானால் அதே தேயிலையும் அதே குளிரும் உள்ள நமது மலைகளில் சலமந்தர் ஏன் இல்லை? காலநிலை அதற்குக் காரணமன்று. புவியின் வரலாறே காரணம். சலமந்தர்கள் தோன்றிப் பரவியது பெரும்பாலும் வட கண்டங்களில். இலங்கையும் இந்தியாவும் தெற்கே இருந்த கொண்டுவானா நிலத்திணிவின் துண்டு. அத்துண்டு வடக்கே நகர்ந்து ஆசியாவுடன் மோதிய பின்னர் கிழக்காசியாவிலிருந்து வந்த சலமந்தர் இமயமலை வரை வந்து நின்றுவிட்டது. புவியியல் பாடத்தில் கண்ட நகர்வைப் பற்றிப் படிக்கும்போது இந்த உதாரணத்தை நினைவில் வைத்திருங்கள். மற்றவர் எழுதாத விடையாக இருக்கும்.

நமது பைனஸ் காடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கைக்கு இயற்கையாக உரிய கூம்புளி மரம் எதுவும் இல்லை. இராகலை, கந்தப்பளைப் பக்கங்களில் நீங்கள் காணும் பைனஸும் சைப்ரஸும் நட்டவையே. கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் புற்றரைகளிலும் மண்ணரிப்பைத் தடுக்கவென்று கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பைனஸ் பெருமளவில் நடப்பட்டது. அதன் ஊசியிலைப் படை எளிதில் தீப்பிடிக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொரு கோடையிலும் எங்காவது ஒரு மலை எரிவதைப் பார்க்கிறீர்கள். ஆகவே அமெரிக்கக் கூம்புளிக் காட்டையும் நமது பைனஸ் தோட்டத்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது. ஈரூடகவாழிகளைத் தேடும் ஒருவர் இங்கே போகவேண்டிய இடம், பைனஸுக்கு அப்பால், பாசி படர்ந்த குட்டை மரங்களும் பனிமூட்டமும் உள்ள இயற்கைக் காடு. கந்தப்பளை - சீத்தாஎலிய ஒதுக்குக் காடு, பீதுருதலாகலைக் காடு, ஹக்கல இயற்கை ஒதுக்கு ஆகியன அத்தகையவை.

அங்கே கிடைப்பது சலமந்தர் அல்ல, பற்றைத் தவளை. விஞ்ஞானப் பெயர் சூடோபிலாட்டஸ். பெரும்பாலானவை கட்டைவிரலளவே இருக்கும். இவற்றின் வாழ்க்கை வட்டம் நீங்கள் மனனம் செய்த வட்டத்திற்கு மாறானது. முட்டையிலிருந்து வாற்பேத்தை, வாற்பேத்தையிலிருந்து தவளை என்பதே நாம் படித்தது. பற்றைத் தவளைக்கு நீரில் நீந்தும் வாற்பேத்தைப் பருவமே கிடையாது. பெரும்பாலான இனங்களில் பெண் தவளை ஈர மண்ணைக் கிளறி முட்டைகளைப் புதைக்கிறது. சில இனங்கள் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டுகின்றன. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, சிறு தவளையாகவே வெளியே வருகிறது. (பரீட்சையில் தவளையின் வாழ்க்கை வட்டத்தை வரையும்படி கேட்டால் பாடநூலில் உள்ளபடியே வரையுங்கள். "சில இனங்களில் நேரடி வளர்ச்சி நிகழும்" என்று கீழே ஒரு வரி சேர்ப்பதில் தவறில்லை.) குளம் தேவையில்லை என்பதால் மலைச்சரிவின் எந்த மூலையிலும் இவற்றால் வாழ முடிந்தது. ஆனால் மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். மரத்தை வெட்டினால் மண் காயும்; மண் காய்ந்தால் முட்டை காயும். மலைநாட்டில் நடந்தது அதுதான்.

இந்தக் கதையில் முதலில் வருபவர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட். 1819இல் இலங்கையிலேயே பிறந்தவர், இராணுவ வைத்தியர். நுவரெலியாவில் பணியாற்றிய காலத்தில் கையில் அகப்பட்ட விலங்குகளையெல்லாம் ஆராய்ந்து எழுதினார். 1853இல் அவர் நுவரெலியாப் பகுதியிலிருந்து ஒரு பற்றைத் தவளையை விவரித்தார். உடலில் நட்சத்திரம்போல வெண்புள்ளிகள் இருந்தமையால் 'ஸ்டெல்லாட்டஸ்' என்று பெயரிட்டார். அதன்பின் எவரும் அதைக் காணவில்லை. அவர் எடுத்த மாதிரியும் தொலைந்துபோயிற்று.

அந்த ஆண்டுகள் எத்தகையவை என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். 1830களிலிருந்து கோப்பிக்காக மலைக்காடு மலைமலையாக வெட்டி எரிக்கப்பட்டது. 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. அதன் பின்னர் அதே நிலத்தில் தேயிலை வந்தது; எஞ்சிய காடும் குறைந்தது. கோடரி பிடித்தவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நமது முன்னோரும் இருந்தனர். எந்த மலையை வெட்டுவது என்று தீர்மானித்தவர்கள் அவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அக்காலத்தில் தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும் பிடித்த தவளைகள் ஸ்பிரிட் நிரப்பிய போத்தல்களில் கப்பலேறி இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குச் சென்றன. அவை அங்கே தட்டுகளில் நூறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தன.

1990களில் றொஹான் பெதியாகொட, கெலும் மனமேந்திர ஆராச்சி ஆகியோர் நாட்டின் காடுகளில் ஒரு பெரிய தேடலைத் தொடங்கினர். எஞ்சியிருந்த காட்டுத் துண்டுகள் ஒவ்வொன்றிலும், உச்சிமலை முதல் சமவெளி வரை, இரவிரவாகத் தேடி மாதிரிகள் எடுக்கப்பட்டன. மாதவ மீகஸ்கும்புர முதலியோர் அவற்றின் டீ.என்.ஏ.யை ஒப்பிட்டனர். 2002இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்த முடிவு உலகத்தை வியக்க வைத்தது: இச்சிறு தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட தவளை இனங்கள் உள்ளன என்றும், அவற்றுட் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை என்றும் அது கூறியது. 2005இல் பெதியாகொடவும் மனமேந்திர ஆராச்சியும் 27 புதிய பற்றைத் தவளை இனங்களுக்கு ஒரே தடவையில் பெயரிட்டனர். மலைநாட்டுப் பச்சை நிறத் தவளையான சூடோபிலாட்டஸ் விரிடிஸ் அவற்றுள் ஒன்று. அதாவது, உங்கள் பெற்றோர் கொழுந்து பறித்த காலம் முழுவதும் பக்கத்துக் காட்டில் கத்திக்கொண்டிருந்த ஒரு விலங்குக்கு 2005 வரை விஞ்ஞானத்தில் பெயர் இருக்கவில்லை.

புதியவற்றைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பழையவற்றை ஒப்பிட்டாக வேண்டும். அவர்கள் இலண்டனிலும் பிற இடங்களிலும் இருந்த பழைய போத்தல்களைத் திறந்தனர். அப்போதுதான் கவலைக்குரிய செய்தி தெரியவந்தது. போத்தலில் இருந்த பல இனங்கள் இன்று காட்டில் இல்லை. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. 2004இல் உலக ஈரூடகவாழிகளின் நிலை மதிப்பிடப்பட்டபோது அற்றுப்போனவை என்று பட்டியலிடப்பட்ட 34 இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இலங்கைக்குரியவையாக இருந்தன. இன்னும் ஒரு படி மேலே, 2007இல் சூடோபிலாட்டஸ் மாயா, சூடோபிலாட்டஸ் பார்டஸ் என்ற இரண்டு புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடிக்கப்பட்டவை. இரண்டும் பெயர் வைக்கப்படும் முன்னரே அழிந்துவிட்டன. அந்த மாதிரிகள் இல்லாவிடின், அத்தகைய உயிர்கள் இம்மண்ணில் இருந்தன என்பதே எவருக்கும் தெரியாமற் போயிருக்கும்.

கெலார்டின் நட்சத்திரத் தவளையின் கதை அவ்வாறு முடியவில்லை. 2009இல் மெண்டிஸ் விக்கிரமசிங்கவும் குழுவினரும் சிவனொளிபாதமலைக் காட்டில் அதனை உயிருடன் கண்டனர். சுமார் 160 ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தவளை மீண்டும் பதிவாகிய செய்தி 2013இல் வெளியாயிற்று. மூல மாதிரி தொலைந்திருந்தமையால் கெலார்டின் எழுத்து விவரணத்தோடு ஒப்பிட்டே இனங்காணவேண்டியிருந்தது. பின்வரும் தலைமுறையினர் ஒப்பிடுவதற்காக, புதிதாக எடுத்த ஒரு மாதிரி அந்தப் பெயருக்குரிய சான்றாக வைக்கப்பட்டது.

இனி, சேகரித்தல் எவ்வாறு நடைபெறுகிறது என்று பார்ப்போம். வேலை இரவிலேயே நடக்கும். மழை பெய்து ஓய்ந்த நேரம் மிகச் சிறந்தது. உடப்புசல்லாவைக்கு வடகீழ்ப் பருவக்காற்றே அதிக மழை தருவது ஆகையால், கார்த்திகை முதல் தை வரையான காலம் பொருத்தமானது; ஆடி, ஆவணியின் வறண்ட காற்றில் காடே மௌனமாக இருக்கும். ஆய்வாளர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முதலில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பார். குரல் கொடுப்பது ஆண் தவளை மாத்திரமே. ஒவ்வோர் இனத்துக்கும் குரல் வேறு. ஆகவே பிடிக்குமுன் குரலை ஒலிப்பதிவு செய்துகொள்வார். அதன் பிறகு இலையிலைகளாகத் தேடுவார். அட்டைகள் அவரைத் தேடும். அது வேறு விடயம்.

கண்டவுடன் பிடித்துவிட மாட்டார். எங்கே இருந்தது, இலையிலா தண்டிலா நிலத்திலா, நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், எத்தனை மணி, வெப்பநிலை என்ன, கடல்மட்டத்திலிருந்து உயரம் என்ன என்பனவற்றை அங்கேயே குறிப்பார். பெரும்பாலும் பென்சிலால்தான். போல்பொயின்ற் மை ஈரத்திலும் அற்ககோலிலும் கரைந்துவிடும். தவளையை ஈர இலை சிறிது இட்ட பொலித்தீன் பையில், காற்றுக்கு இடம் விட்டு வைப்பார். உயிருடன் இருக்கும்போதே புகைப்படம் எடுக்க வேண்டும். ஏனெனில் போத்தலுக்குள் போனபின் பச்சையும் மஞ்சளும் வெளிறிவிடும். பழைய மாதிரிகளின் நிறத்தை நம்பி இனத்தைத் தீர்மானிக்க முடியாதிருப்பது இதனால்தான்.

எடுத்த தவளைகளில் பெரும்பாலானவை அளக்கப்பட்டு, அதே இரவிலோ மறுநாளோ எடுத்த இடத்திலேயே விடப்படும். மிகச் சிலவே மாதிரிகளாக வைக்கப்படும். அவற்றை மயக்கமருந்தால் நோவின்றி இறக்கச் செய்வர். முதலில் சிறு துண்டு ஈரலோ தசையோ எடுத்துச் செறிந்த எதனோலில் இடுவர். இது டீ.என்.ஏ. ஆய்வுக்கானது. உடலைப் போமலினில் இட்டு விறைப்பாக்கி, பின்னர் 70% எதனோலுக்கு மாற்றுவர். இந்த ஒழுங்கு மாறக் கூடாது: போமலின் டீ.என்.ஏ.யைச் சிதைத்துவிடும் என்பதால் இழையத்தை எடுத்த பின்னரே உடல் போமலினுக்குள் போகவேண்டும். கடைசியில் இலக்கமிட்ட சிறு சீட்டு ஒன்று காலில் கட்டப்படும். அந்த இலக்கம் குறிப்பேட்டிலும் புகைப்படத்திலும் ஒலிப்பதிவிலும் இழையக் குப்பியிலும் ஒன்றாகவே இருக்கும். சீட்டு அறுந்து போனால், அது எந்த மலையிலிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல முடியாத ஒரு செத்த தவளை மாத்திரமே மிஞ்சும்.

இங்கே உங்களில் சிலர் மனதில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். காப்பாற்றுவதற்காகக் கொல்வதா? கேள்வி நியாயமானது, அறிஞர்களே இதில் ஒன்றுபடவில்லை. 2014இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் பென் மின்டீர் முதலியோர், மிக அரிதாகிவிட்ட அல்லது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட இனங்களில் மாதிரிக்காகக் கொல்வதைத் தவிர்க்கலாம், புகைப்படம், ஒலிப்பதிவு, தோலைத் துடைத்தெடுக்கும் டீ.என்.ஏ. ஆகியன போதும் என்று எழுதினர். பெரிய ஓக் என்ற பறக்காத கடற்பறவையை அவர்கள் நினைவூட்டினர். எண்ணிக்கை குறையக் குறைய, சேகரிப்போர் கொடுத்த விலை கூடியது. 1844இல் ஐஸ்லாந்துக்கு அருகே கடைசியாக அறியப்பட்ட சோடியும் கொல்லப்பட்டது. இக்கட்டுரைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட உயிரியலாளர்கள் சேர்ந்து மறுப்பு எழுதினர். கவனமாக எடுக்கப்படும் சில மாதிரிகளால் எந்த இனமும் அழியாது, வாழிடம் அழிவதாலேயே அழிகிறது என்பது அவர்கள் வாதம்.

என் கருத்தைக் கேட்டால், இலங்கைத் தவளைகளைப் பொறுத்தவரை மறுப்பு எழுதியவர்கள் பக்கமே நியாயம் அதிகம் உள்ளது. விரலளவு தவளைகளில் இரண்டு இனங்களைப் பிரிப்பது பலவேளை எலும்பிலும் விரலிடைச் சவ்விலும் உள்ள நுண்ணிய வேறுபாடு. புகைப்படத்தில் அது தெரியாது. பெயர் இல்லாத இனத்தைச் சட்டத்தால் பாதுகாக்கவும் முடியாது. ஆனால் ஒரே ஒரு ஓடைக்கரையில் மாத்திரம் எஞ்சியிருக்கும் தவளைக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அங்கே எத்தனை எடுக்கலாம் என்பதை எண்ணிப் பார்த்த பின்னரே கை நீட்ட வேண்டும். இந்த விடயத்தை விவாதத் தலைப்பாக எடுத்து இரு பக்கமும் எழுதிப் பழகுங்கள். கட்டுரை வினாவுக்குப் பயன்படும்.

படித்துவிட்டு எவரும் போத்தலுடன் காட்டுக்குப் போய்விட வேண்டாம். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் நமது ஈரூடகவாழிகளுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. ஆய்வுக்காக எடுப்பதாயினும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஒதுக்குக் காடாயின் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, நோயும் ஒரு காரணம். 1999இல் பெயரிடப்பட்ட ஒரு நுண்ணிய பங்கசு உலகின் பல பாகங்களில் தவளைகளின் தோலைத் தாக்கி இனங்களையே அழித்தது. அதன் உறவான இன்னொரு பங்கசு நெதர்லாந்தில் தீச்சலமந்தர்களை ஏறக்குறைய முற்றாக ஒழித்தமை 2013இல் தெரியவந்தது. இத்தகைய நோய் சேற்றுச் சப்பாத்திலும் ஈர வலையிலும் ஒட்டிக்கொண்டு போகக்கூடியது. அதனால் ஆய்வாளர்கள் ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குப் போகுமுன் சப்பாத்தையும் கருவிகளையும் கிருமிநீக்கிக் காயவைப்பர். ஒவ்வொரு தவளைக்கும் கையுறையை மாற்றுவர்.

உங்களால் செய்யக்கூடியது வேறொன்று உண்டு. அதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. மழைக்காலத்தில் ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து, வீட்டு வாசலிலிருந்தே கேட்கும் குரல்களைக் குறியுங்கள். திகதி, நேரம், மழை பெய்ததா, பனிமூட்டமா, குரல் எத்திசையிலிருந்து வந்தது: காட்டோரமா, தேயிலைப் பற்றையா, காணா, மரக்கறித் தோட்டமா. குரலை எழுத்தில் எழுதிப் பாருங்கள்: டிக் டிக், கிர்ர், டொக். கையடக்கத் தொலைபேசி இருந்தால் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஒன்றும் கேட்காத இரவையும் "ஒன்றும் இல்லை" என்று எழுதுங்கள். அந்த வரியை விடக் கூடாது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வாரம் இருமுறை என்று கார்த்திகையில் தொடங்கித் தை முடியும்வரை தொடர்ந்தால் இருபதுக்கு மேற்பட்ட பதிவுகள் கிடைக்கும். வேறொரு தோட்டத்திலுள்ள நண்பரும் இதையே செய்தால், இரண்டு கொப்பிகளையும் அருகருகே வைத்து, எந்தக் குரல் காட்டோரத்தில் மாத்திரம் கேட்கிறது, எது தேயிலைக்குள்ளும் கேட்கிறது என்று பிரித்துப் பாருங்கள். அவ்வாறு பிரித்தெழுதிய அட்டவணையை உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டுங்கள்.